ஏன் என்று கேட்காத மேசை

வன்புணர்வு பற்றிய ஒரு புத்தகம் வேண்டுமென்றால் கல்லூரி நூலகத்தில் எந்த அலமாரிக்குப் போவது? நம் கல்லூரிகள் பெரும்பாலும் பின்பற்றும் டூயி தசமப் பகுப்பில் இதற்கு ஒரே விடை கிடையாது. குற்றமாகப் பார்த்தால் 364.1532. பாதிக்கப்பட்டவருக்கான நலப்பணியாகப் பார்த்தால் 362.883. பிறகு வருகிற மனக்காயத்தை நோயாகப் பார்த்தால் 616.8521. பெண்ணியமாகப் பார்த்தால் 305.42. ஒரு பெண்ணுக்கு நடந்தது ஒன்றுதான். நூலகத்தில் அது காவல்துறைக்கு ஒரு துண்டு, நலத்துறைக்கு ஒரு துண்டு, மருத்துவமனைக்கு ஒரு துண்டு, இயக்கத்துக்கு ஒரு துண்டு என்று நான்கு அலமாரிகளில் பிரிந்து நிற்கிறது. இந்த எண்கள் தெரியாத மாணவி ஒன்று வெறுங்கையோடு திரும்பவேண்டும், அல்லது நூலகரின் மேசைக்குப் போய்க் கேட்கவேண்டும்.

அந்த மேசையில் என்ன நடக்கவேண்டும் என்பது பற்றிக் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு புதிய பேச்சு வளர்ந்துவருகிறது. 2009இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் ஒரு மனநலச் சமூகப் பணியாளரை நியமித்தது. வீடற்ற பலர் பகல் முழுவதையும் நூலகத்தில் கழித்தார்கள். அவர்களுக்கு வேண்டியவற்றில் பல புத்தக அலமாரியில் இல்லை. வீடின்றி வாழ்ந்து மீண்டவர்களையே உதவியாளர்களாகச் சேர்த்ததும் அந்தத் திட்டத்தின் சிறப்பு. பிறகு வேறு பல நகர நூலகங்கள் அதே வழியில் போயின. பேச்சு பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. சமூகப்பணி மாணவர்கள் நூலகங்களில் களப்பயிற்சி பெறுகிறார்கள். நூலக அறிவியலையும் சமூகப்பணியையும் சேர்த்துப் படிக்கச் சில இடங்களில் வழி இருக்கிறது. ‘மனக்காயம் உணர்ந்த நூலகம்’ என்ற தொடர் பயிலரங்குகளில் புழங்குகிறது.

இந்த இரண்டு துறைகளும் சந்திப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே பெண்ணின் தலையில் கட்டுவதை எதிர்க்கிறேன். சமூகப்பணியிடமிருந்து நூலகம் கற்கவேண்டியவை உண்டு. நூலகத்திடமிருந்து சமூகப்பணி கற்கவேண்டியதும் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் சொல்லின் வரலாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் மனக்காயத்துக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு இடம்பெற்றது 1980இல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் போராட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பதிப்பு, இந்தக் கோளாறை உண்டாக்கும் நிகழ்வை வழக்கமான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்டது என்று வரையறுத்தது. 1992இல் வந்த தன் நூலில் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் இங்கேதான் கைவைத்தார். வன்புணர்வும் வீட்டுக்குள் அடி உதையும் பெண்களுக்கு வழக்கத்துக்கு அப்பாற்பட்டவையா என்ன? போர்க்களத்திலிருந்து வந்த ஆணின் நடுக்கத்தையும் படுக்கையறையிலிருந்து வந்த பெண்ணின் நடுக்கத்தையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். மீட்சிக்கு மூன்று கட்டங்களைச் சொன்னார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கம் அனுசரித்தல், மறுபடி உறவுகளுக்குள் வருதல். பாதுகாப்பு முதலில். கதை சொல்வது அதற்குப் பிறகு.

2014இல் அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பான சாம்சா, மனக்காயம் உணர்ந்த அணுகுமுறைக்கு ஆறு கோட்பாடுகளை வகுத்தது. பாதுகாப்பு, நம்பகமும் வெளிப்படைத்தன்மையும், சக மனிதர் ஆதரவு, கூட்டுச் செயல்பாடு, குரலும் தேர்வும் தருதல், பண்பாடு-வரலாறு-பாலினம் பற்றிய கவனம். இந்தப் பட்டியலில் சிகிச்சை இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மனக்காயத்துக்குச் சிகிச்சை தருவது வேறு. மனக்காயத்தை உணர்ந்து நடப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய எதிரே இருப்பவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்கவேண்டியதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு கதவையும் நாற்காலியையும் விதிகளையும் அமைத்தால் போதும். பயிலரங்குகளில் அடிக்கடி குழம்பிப்போவது இந்த வேறுபாடுதான். நூலகர் ‘பாதிக்கப்பட்டவரை அடையாளம் கண்டு’ மென்மையாகப் பேசி வெளிக்கொணரவேண்டும் என்று யாராவது சொன்னால், அது மனக்காயம் உணர்ந்த அணுகுமுறைக்கே எதிரானது.

நூலகத்தின் பழைய பழக்கம் ஒன்று உதவிக்கு வருவது இங்கேதான். குறிப்புதவி மேசையில் வாசகரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதை நூலக அறிவியல் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. பிரெண்டா டெர்வினும் பட்ரீசியா டியூட்னியும் 1986இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. உங்களுக்கு எது தெரியவேண்டும், எதுவரை தெரியும், எது கிடைத்தால் உதவும் என்று கேட்கலாம்; ஏன் வேண்டும் என்று நேரடியாகக் கேட்பதைத் தவிர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். ‘ஏன்’ என்ற கேள்வி விசாரணையாகக் காதில் விழும். கேட்பவருக்கு அது தொழில் நுணுக்கம். வன்முறையிலிருந்து தப்பி வந்தவளுக்கு அதைவிட மேலானது.

மற்ற இடங்களை நினைத்துப் பாருங்கள். காவல் நிலையத்தில் சொல்லவேண்டும். மருத்துவரிடம் சொல்லவேண்டும். வழக்கறிஞரிடம், உள்ளகப் புகார்க் குழுவிடம், விடுதிக் காப்பாளரிடம், அம்மாவிடம் சொல்லவேண்டும். மனநலச் சமூகப் பணியாளரிடமும், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், முதல் சந்திப்பு ஒரு படிவத்தில்தான் தொடங்குகிறது. கதையைக் கொடுத்தால்தான் உதவி கிடைக்கும் என்பது இந்த எல்லா இடங்களின் கணக்கு. கதை கேட்காமல் உதவி தருகிற இடமாக வளாகத்தில் மிஞ்சுவது நூலக மேசை. அந்தப் புத்தகம் தேர்வுக்கா, ஆய்வுக்கா, தோழிக்கா, தனக்கா என்று அவள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஹெர்மனின் முதல் கட்டம் இதுதான். அவள் கையிலிருந்து பறிக்கப்பட்ட தேர்வு, மிகச் சிறிய அளவில், அவளிடமே திரும்புகிறது.

ஆகவே நூலகரைப் பாதி ஆலோசகராக மாற்றினால் வளாகம் எதை இழக்கும் என்பதை யோசிக்கவேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் தன் முகத்தைப் படித்துக் குறிப்பெடுப்பார் என்ற சந்தேகம் வந்த நாளில், மாணவி அந்தப் புத்தகத்தைக் கேட்பதை நிறுத்திவிடுவாள். கான்ஸ்டன்ஸ் மெல்லன் 1986இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் நூலகத்தை முதலில் சந்தித்ததை அச்சத்தின் மொழியிலேயே விவரித்ததாகச் சொல்கிறது. மற்றவர்களுக்கு எல்லாம் தெரியும், தனக்கு மட்டும் தெரியாது என்ற வெட்கம். கேட்டால் அது வெளிப்பட்டுவிடும் என்ற பயம். சாதாரணக் கட்டுரைக்குப் புத்தகம் தேடுபவருக்கே இந்தப் பயம் என்றால், சொல்லமுடியாத ஒன்றைத் தேடுபவளுக்கு எப்படி இருக்கும்?

இரு தொழில்களுக்கும் இடையில் இன்னொரு மோதல் இருக்கிறது. நூலகரின் அறம் மறப்பதில் இருக்கிறது. சமூகப் பணியாளரின் அறம் பதிவு செய்வதில் இருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் நெறிமுறை 1939லிருந்தே வாசகர் பற்றிய தகவலை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. புத்தகம் திரும்பி வந்ததும் அதை எடுத்தவரின் பெயரை அழித்துவிடும் நூலகங்கள் அங்கே பல. 2005இல் வாசகர் தகவலைக் கேட்டு எஃப்.பி.ஐ. அனுப்பிய கடிதத்தை கனெக்டிகட்டில் நான்கு நூலகர்கள் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றார்கள். சமூகப் பணியாளரோ கோப்பு இல்லாமல் வேலை செய்யமுடியாது. அடுத்த முறை வருபவரிடம் முதலிலிருந்து கேட்காமல் இருக்கவும், வழக்கு என்று வந்தால் சாட்சியாகவும், அந்தக் கோப்பு வேண்டும்.

மறப்பதே எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 1969 அக்டோபரில் பெர்க்லியில் டாடியானா டாரசாஃப் என்ற இளம்பெண் கொல்லப்பட்டாள். கொன்றவர் இந்தியாவிலிருந்து படிக்கப் போன மாணவர். அவளைக் கொல்லப்போவதாக அவர் பல்கலைக்கழக மருத்துவமனையின் உளவியலாளரிடம் முன்பே சொல்லியிருந்தார். உளவியலாளர் வளாகக் காவலருக்குத் தெரிவித்தார்; அவர்கள் விசாரித்து விட்டுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. 1976இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆபத்தில் இருக்கும் மூன்றாமவரைக் காப்பதும் சிகிச்சையாளரின் கடமை என்றது. ரகசியம் யாருக்காகக் காக்கப்படுகிறது, யாருடைய உயிரை விலையாகக் கொடுத்து என்று பெண்கள் கேட்கவேண்டிய கேள்வி அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எச்சரிக்கும் கடமை உள்ளவரும் எதையும் கேளாதிருக்கும் கடமை உள்ளவரும் ஒரே ஆளாக இருக்கமுடியாது. ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த அறைகளில் இருக்கலாம். எது எந்த அறை என்பது உள்ளே வருகிற பெண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும்.

இந்த இரட்டைச் சுமை யார்மேல் விழும் என்பது அடுத்த கேள்வி. நூலகமும் சமூகப்பணியும் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பெண்களின் தொழில்களாக உருவெடுத்தன. 1887இல் மெல்வில் டூயி கொலம்பியாவில் தொடங்கிய நூலகப் பள்ளியின் முதல் வகுப்பில் 20 பேரில் 17 பேர் பெண்கள். இரண்டு ஆண்டு கழித்து ஜேன் ஆடம்ஸ் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் திறந்தார். படித்த பெண்களுக்கு இரண்டு தொழில்களும் வெளியுலகக் கதவைத் திறந்தன. சேவை மனம் உள்ளவர்கள் குறைந்த சம்பளத்துக்கும் வருவார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதே டூயி, பெண் நூலகர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்ட புகார்களை அடுத்து, தான் உருவாக்கிய சங்கத்திலிருந்தே 1906இல் ஒதுங்கவேண்டி வந்தது. அவர் பெயரிலிருந்த பதக்கத்தின் பெயரை மாற்றச் சங்கம் 2019இல்தான் முடிவெடுத்தது. மனக்காயம் நூலகத்துக்கு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை.

கறுப்பின நூலகரான ஃபோபாசி எட்டார் 2018இல் எழுதிய கட்டுரை இங்கே படிக்கவேண்டியது. நூலகத்தைப் புனித ஆலயமாகவும் நூலகரை அதன் பூசாரியாகவும் பார்க்கும் மயக்கத்தை அவர் உடைத்துக் காட்டுகிறார். போதைமருந்து மிகையாகி மயங்கி விழுந்தவர்களை மருந்து கொடுத்து எழுப்பும் பொறுப்பு நூலகர்கள்மேல் வந்து விழுந்ததை உதாரணமாக எடுக்கிறார். அது உயிர் காக்கும் வேலை, யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் வேலை புனிதமானது என்று சொல்லிவிட்டால், கூடுதல் ஆள் கேட்பதும் சம்பளம் கேட்பதும் ஓய்வு கேட்பதும் சுயநலமாகிவிடுகின்றன. ‘நல்ல மனசு இருந்தால் போதும்’ என்ற வாசகத்தைப் பெண்கள் சமையலறையில் தொடங்கி எல்லா இடங்களிலும் கேட்டுப் பழகியவர்கள்தானே.

இந்தியச் சட்டம் இதில் ஒரு பிடிமானம் தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் என்றால் யார் என்று வரையறுக்கிறது: சமூகப்பணியில் முதுகலைப் பட்டம், அதற்குமேல் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். இதை ஒரு நாள் பயிலரங்கும் ஒரு சான்றிதழும் ஈடுசெய்யாது. நிர்வாகம் ஒரு பெண் நூலகரை அழைத்து, ‘மாணவிகள் உங்களிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால், அங்கே ஒரு பணியிடம் மிச்சப்படுத்தப்படுகிறது. அதற்கு அன்பு என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

நூலகரின் வேலைக்குள்ளேயே, நூலகரின் திறமையைக் கொண்டே செய்யக்கூடியவை ஏராளம். நம் வளாகங்களில் அவற்றைத் தொடங்கவேண்டிய இடம் வாசல். 2014இல் அலிகர் பல்கலைக்கழகத்தில், இளங்கலை மாணவிகளை மைய நூலகத்துக்குள் விட்டால் ஆண்கள் கூட்டம் பெருகிவிடும் என்று துணைவேந்தரே காரணம் சொன்னார். உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2015இல் தில்லியில் மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ என்று கூண்டை உடைக்கக் கிளம்பியபோது அவர்கள் கேட்டவற்றில் இரவில் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் உரிமையும் ஒன்று. 2019 டிசம்பர் 15 அன்று ஜாமியா மில்லியாவின் வாசிப்பறைக்குள் காவலர்கள் நுழைந்து மாணவர்களைத் தடியால் அடித்தார்கள். இவற்றுக்குப் பிறகும் நூலகம் இயல்பாகவே பாதுகாப்பான இடம் என்று பேசுவது வெறும் பழக்கதோஷம். பாதுகாப்பு யாரிடமிருந்து, யாருக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்கவேண்டும். துப்பட்டாவையும் பையையும் சோதிக்கும் கை, எல்லார் கண்ணிலும் படும்படி பெயரும் எண்ணும் எழுதச் சொல்லும் என்ட்ரி ரெஜிஸ்டர், புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டையில் முன்பு எடுத்தவர்களின் பட்டியல் என எல்லாமே ‘எனக்குத் தெரியும் நீ யார் என்று’ எனச் சொல்பவை.

அபராதமும் அப்படித்தான். வன்முறைக்குப் பிறகு பாதியில் படிப்பை விட்டுப்போன ஒரு மாணவி, சான்றிதழ் வாங்கத் திரும்பி வரவேண்டியிருக்கிறது. ‘நோ டியூஸ்’ தாளில் நூலகத்தின் கையெழுத்து வேண்டும். புத்தகம் அவள் ஓடிவந்த அறையிலேயே கிடக்கலாம். புத்தகம் எங்கே, ஏன் இத்தனை மாதம், யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அவள் என்ன பதில் சொல்லுவாள்? காரணம் கேட்காமல் அபராதத்தைத் தள்ளுபடி செய்ய நூலகருக்கு ஒரு வரி அதிகாரம் கொடுத்தால் போதும். அதற்கு எம்.ஃபில். தேவையில்லை.

காலம் பற்றியும் நூலகத்துக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் புகாருக்கு மூன்று மாதக் கெடு வைக்கிறது. காரணத்தைப் பதிவுசெய்து இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் மாணவியரையும் உள்ளடக்கியவை. ஆனால் நடந்ததற்கு என்ன பெயர் என்று ஒரு பெண் கண்டுகொள்ளவே ஆண்டுகள் ஆகலாம். கெடு முடிந்த பிறகும் திறந்திருக்கும் கதவு நூலகத்தினுடையது. அங்கே எந்தப் புத்தகமும் காலாவதி ஆவதில்லை.

பெயர் கண்டுகொள்வது என்பது சின்ன விஷயமில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிர்வாக உதவியாளராக வேலை செய்த கார்மிட்டா வுட், ஒரு பேராசிரியரின் தொல்லை தாங்காமல் 1974இல் வேலையை விட்டார். வேலையின்மை நிதிக்கான படிவத்தில் காரணம் எழுத அவரிடம் ஒரு சொல் இல்லை. அவருக்குத் துணைநின்ற பெண்கள் கூடிப் பேசி, ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று நாம் இன்று தமிழில் சொல்லுகிற அந்தச் சொல்லை 1975இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு எந்த நூலகத்தின் பட்டியலிலும் அப்படி ஒரு தலைப்பு இருந்திருக்க வழியில்லை. சொல் வந்த பிறகே தலைப்பு வரும், தலைப்பு வந்த பிறகே புத்தகங்கள் ஓரிடத்தில் சேரும், பிறகே தேடுகிறவள் தான் தனியாள் இல்லை என்று காண்பாள்.

தமிழில் இந்த வேலை இன்னும் கூர்மையானது. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைப் பெண்ணியர்கள் பல பத்தாண்டுகளாக எதிர்த்துவருகிறார்கள். செய்தவன் மறைந்து, அழிந்தது அவள் கற்பு என்றாகிவிடுகிற சொல் அது. வன்புணர்வு, பாலியல் வன்முறை என்று இங்கேயும், பாலியல் வல்லுறவு என்று இலங்கைத் தமிழிலும் மாற்றுச் சொற்கள் வேரூன்றிவிட்டன. பழைய புத்தகங்களின் தலைப்புகளிலும் நாளிதழ்களிலும் கற்பழிப்பு இன்னும் இருக்கிறது. சிற்றூரிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண், தனக்குத் தெரிந்த ஒரே சொல் என்று அதைத்தான் கணினியில் தட்டுவாள். அப்போது ‘பதிவுகள் இல்லை’ என்று திரை சொன்னால், நாம் சொல்லைத் திருத்திவிட்டு அவளைத் தொலைத்துவிட்டோம் என்று பொருள்.

நூலகத்திடம் இதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. பட்டியலில் ‘காண்க’ என்று போடும் குறிப்பு. கற்பழிப்பு என்று தேடினால், ‘வன்புணர்வு’ காண்க. அங்கே போனால், ‘மேலும் காண்க’ என்று சட்டம், மருத்துவம், நலப்பணி, பெண்ணியம். நான்கு அலமாரிகளில் சிதறியது ஒரே திரையில் கூடுகிறது. யாரும் அவளைத் திருத்தவில்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை. தெரிந்த சொல்லில் தொடங்கி, குற்றத்தைச் செய்தவன்மேல் வைக்கிற சொல்லுக்கு அவளே நடந்து வந்திருக்கிறாள். கீழே ஒரு வரி: புகார்க் குழு எங்கே இருக்கிறது, ஆலோசகர் அறை எங்கே, அரசின் மனநல உதவி எண் 14416. போகலாம், போகாமலும் இருக்கலாம்.

வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் சேரவேண்டும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் தன் இரண்டாவது விதியாக வைத்தார்.   அந்த விதியைப் பெண்பாலில் படிக்கும்போது அதற்குள் இன்னொரு கடமை தெரிகிறது. புத்தகம் அவளிடம் சேரவேண்டும், அதற்கு அவள் தன் கதையை விலையாகக் கொடுக்கக்கூடாது. கதை சொல்ல அவள் தயாராகும் நாளில், கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர் முறையான சம்பளத்தோடு, மூடக்கூடிய கதவுள்ள அறையில், நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும். நம் கல்லூரிகளில் பலவற்றில் இந்த இரண்டாவது ஆள் இல்லை. முதல் ஆளை இரண்டாக வெட்டி அந்தக் குறையை மூடாமல், அந்தப் பணியிடத்தைக் கேட்டு வாங்குவோம்.